'ஏஜி லேப்' என்று எழுதப்பட்டவர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களில் இருக்கும் பழைய பதிவேடுகளைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது போதவில்லை என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். "ராஜா ராணி கதை வேண்டாம், அந்த ஊர்களில் சாதாரணமாக வாழ்ந்து செத்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒரு வாசகி உரிமையோடு கேட்டிருக்கிறார். எனக்கும் மிகவும் பிடித்த விஷயம். அதனால் இந்த மாதம் பகுதி முழுக்க அதற்குத்தான்.

கேள்வி: அரசர்களுக்கு நாட்குறிப்பு, ஓவியம், கல்லறை எல்லாம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பண்ணைக் கூலியாள் எங்கே பிறந்தார், என்ன சம்பளம் வாங்கினார் என்பதெல்லாம் இன்றைக்கு எப்படித் தெரியும்? பாதி கற்பனையாகத்தானே இருக்கும்?

பதில்: கற்பனை இல்லை. அவர் தன்னைப் பற்றி எழுதவில்லை, சரி. ஆனால் அவரைத் தலை எண்ணியவர்களும், அவருக்குக் காசு கொடுத்தவர்களும், அவரை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்தவர்களும் எழுதிவைத்தார்கள். அந்தக் கணக்கு நோட்டுகளில்தான் அவர் இருக்கிறார்.

முதலில் தேவாலயப் பதிவேடு. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-ல் ஓர் உத்தரவு போட்டார்: ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதியும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுதிவைக்க வேண்டும். முதலில் வெறும் பெயரும் தேதியும்தான். 1754-லிருந்து திருமணப் பதிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வந்தது. அந்தப் பக்கங்களைத் திறந்தால் பாதிரியாரின் சரளமான கையெழுத்துக்கு நடுவே இடம் விட்டு, அதில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். ஒரு கோடு நீளம், ஒரு கோடு குட்டை, மை ஓரிடத்தில் தேங்கிப்போயிருக்கும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை பேனா பிடித்த கை அது. பக்கத்தில் பாதிரியார் 'இன்னாருடைய குறி' என்று எழுதியிருப்பார்.

அதைவிட என்னை உலுக்குவது வேறொன்று. 1662-ல் ஒரு சட்டம் வந்தது. பிழைக்க வந்த ஏழை ஒருவர் பிற்பாடு ஊர்ப் பணத்தில் உதவி கேட்கும்படி ஆகிவிடுவார் என்று தோன்றினால் அவரைச் 'சொந்த' ஊருக்கே திருப்பி அனுப்பலாம். எது சொந்த ஊர் என்று முடிவு செய்ய இரண்டு நீதிபதிகள் முன்னால் நிறுத்தி, சத்தியம் வாங்கி விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், அப்பாவுக்கு எந்த ஊர், எந்தப் பண்ணையில் எத்தனை மாதம் இருந்தாய், என்ன கூலி, எந்தத் தேவாலயத்தில் கல்யாணம், எத்தனை பிள்ளைகள், யார் யாருக்கு என்ன வயது என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொண்டே போவார், கடைசியில் அதே பெருக்கல் குறி. அரைப் பக்கத்தில் ஒரு கூலியாளின் முழு வாழ்க்கையும் நம் கைக்கு வந்துவிடுகிறது. விரட்டுவதற்காக எழுதிய தாளில்தான் அவர் குரல் தங்கியிருக்கிறது என்று நினைக்கும்போது மனசு பிசைகிறது.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1801-லேயே ஆரம்பித்தாலும், வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் நாடு முழுக்க எழுதியது 1841-ல்தான். அதில்கூடப் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்து எழுதினார்கள், 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். 1851-லிருந்து சரியான வயதும், பிறந்த ஊரும், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் வந்தது. கிராமத்துப் பக்கங்களில் தொழில் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'ஏஜி லேப்', 'ஏஜி லேப்', 'ஏஜி லேப்' என்றே இருக்கும். அக்ரிகல்ச்சுரல் லேபரர், விவசாயக் கூலி என்பதன் சுருக்கம். உழுவது, விதைப்பது, வேலி கட்டுவது, வாய்க்கால் வெட்டுவது, குதிரை பார்ப்பது என்று அத்தனை கைத்திறனும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போயிற்று. மனைவிக்கான கட்டம் பெரும்பாலும் காலி. அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், கீழே வருகிறேன்.

கேள்வி: பழைய பதிவேட்டுப் பிரதி ஒன்றில் ஒரே தம்பதிக்கு 'ஜான்' என்று இரண்டு பிள்ளைகள் இருப்பதைப் பார்த்தேன். எழுதியவரின் தவறா? இன்னொரு சந்தேகம், ஒரு குழந்தையின் தேதி 1640 டிசம்பருக்கு அப்புறம் வரும் பக்கத்தில் '1640 பிப்ரவரி' என்று இருக்கிறது.

பதில்: இரண்டுமே தவறு இல்லை. அடக்கப் பகுதிக்குப் போய்த் தேடிப் பாருங்கள், முதல் ஜான் பெரும்பாலும் அங்கே கிடைப்பான். இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்ததற்கு வைப்பது சாதாரணம். தாத்தாவின் பெயரோ அப்பாவின் பெயரோ வீட்டில் தொடர வேண்டும் என்ற ஆசைதான். ஒரே பெயர் மூன்று தடவை வரும் குடும்பங்களும் உண்டு. வேகமாகப் புரட்டும்போது அது வெறும் பெயர்தான், அடக்கப் பக்கத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த அம்மாவின் முகம் தெரிகிறது.

தேதி விஷயம் எளிது. 1752-க்கு முன்னால் இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. அதனால் டிசம்பர் 1640-க்கு அடுத்து ஜனவரி 1640, பிப்ரவரி 1640 என்றே போகும். நம் கணக்கில் அது 1641.

கேள்வி: அந்தக் காலக் கூலிக் குடும்பம் தினமும் என்ன சாப்பிட்டது? வெள்ளைக்காரர்கள் என்றால் மாமிசம்தான் என்று நினைத்திருந்தேன்.

பதில்: ரொட்டி. காலையிலும் ரொட்டி, மதியம் வேலி ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியும் கிடைத்தால் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும், ராத்திரி உருளைக்கிழங்கோ கோஸோ வேகவைத்து அதோடும் ரொட்டி. 19-ம் நூற்றாண்டில் தேநீர் சேர்ந்துகொண்டது, அதுவும் கொதித்த இலையையே திரும்பத் திரும்பக் கொதிக்கவிட்ட தண்ணீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1830-களில் டோர்செட் மாவட்டத்தின் டோல்பட்டில் கிராமத்தில் வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7 ஷில்லிங்காகக் குறைந்தது. 7 ஷில்லிங் என்றால் 84 பென்ஸ். நாலு பவுண்டு எடையுள்ள ஒரு ரொட்டி அப்போது சுமார் 9 பென்ஸ். ஒன்பது ரொட்டி வாங்கினால் மூன்று பென்ஸ் மிச்சம், அதில் வாடகை, விறகு, செருப்பு, சோப்பு எல்லாம் பார்க்க வேண்டும். நாலு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒன்பது ரொட்டி வாரத்துக்குப் போதவும் போதாது.

பிறகு எப்படி உயிரோடு இருந்தார்கள் என்றால், கூலிக்கு வெளியே அவர்கள் சேர்த்துக்கொண்டதால்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு பன்றி. வருடம் முழுக்கக் காய்கறித் தோலும் பிள்ளைகள் பறித்து வரும் களைச்செடியும் போட்டு வளர்த்து, குளிர்காலம் தொடங்கும்போது வெட்டுவார்கள். கெட்டுப்போகும் பாகங்களை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அடுத்த வாரம் அவர்கள் பன்றி வெட்டும்போது திரும்பி வரும். மீதி உப்புக்கண்டம். சுவரில் தொங்கும் அந்த உப்பிட்ட பன்றிப் பக்கம்தான் வீட்டின் சேமிப்புக் கணக்கு மாதிரி. இன்னொன்று, அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது. சில ஊர்களில் காலையில் தேவாலய மணி அடித்த பிறகுதான் வயலில் இறங்கலாம், மாலை மணி அடித்தால் வெளியே வந்துவிட வேண்டும். அப்போதுதான் கைக்குழந்தைக்காரியும் கிழவியும் முந்திக்கொண்டு வருபவர்களிடம் ஏமாற மாட்டார்கள். ஒரு தாயும் நாலு பிள்ளைகளும் குனிந்த முதுகு நிமிராமல் பொறுக்கினால் பல வாரங்களுக்கு வேண்டிய மாவு சேரும். 1788-ல் ஒரு வழக்கில், கதிர் பொறுக்குவதற்குச் சட்டப்படி பொது உரிமை எதுவும் இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் பல ஊர்களில் பெண்கள் அதன் பிறகும் நூறு வருடத்துக்குக் குறையாமல் வயலில் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மாமிசம் கேட்டீர்கள். 1863-ல் டாக்டர் எட்வர்ட் ஸ்மித் என்பவர் அரசாங்கத்துக்காக ஏழைக் குடும்பங்களின் சாப்பாட்டைக் கணக்கெடுத்தபோது வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான்: இருக்கும் கொஞ்சம் மாமிசமும் புருஷனுக்கு, ஏனென்றால் அவர் வேலைக்குப் போக வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் ரொட்டியிலும் கிழங்கிலும் காலம் தள்ளினார்கள்.

கேள்வி: பெண்களின் தொழில் கட்டம் காலி என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அவர்கள் என்ன வேலை செய்தார்கள்? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா? (ஓர் ஆசிரியை)

பதில்: வயலில் கல் பொறுக்குவது, களை எடுப்பது, டர்னிப் தோண்டுவது எல்லாம் பெண்கள்தான். பருவத்துக்கு மட்டும் கூலி என்பதால் கணக்கெடுப்பவர் அதை வேலையாகவே எழுதவில்லை. மார்ச் மாதத்தில் வந்து கேட்டால் ஆகஸ்ட் வேலை எப்படித் தெரியும்?

வீட்டுக்குள் நடந்த வேலை தனி. பெட்ஃபோர்ட்ஷயர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பக்கம் கோதுமை வைக்கோலைப் பின்னி லூட்டன் ஊரின் தொப்பிக்காரர்களுக்கு விற்றார்கள். நடந்துகொண்டே பின்னலாம், பேசிக்கொண்டே பின்னலாம். வைக்கோல் காய்ந்துபோனால் ஒடிந்துவிடும் என்பதால் வாயில் கவ்வி எச்சிலில் ஈரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள், பிள்ளைகளுக்கு உதட்டு ஓரம் புண்ணாகிவிடும். 'பின்னல் பள்ளிக்கூடம்' என்றே இருந்தது, நாலைந்து வயதுப் பிள்ளைகள் ஒரு குடிசை அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பின்னுவார்கள், பெயருக்கு ஒரு வாசகம் சொல்லிக்கொடுப்பதோடு படிப்பு முடிந்தது. நெப்போலியனோடு சண்டை நடந்த வருடங்களில் இத்தாலியச் சரக்கு வராததால் நல்ல விலை கிடைத்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து இறங்கியதும் தொழில் படுத்துவிட்டது.

பக்கிங்ஹாம்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் பக்கம் லேஸ். மடியில் கெட்டியான ஒரு திண்டு, அதில் குண்டூசி குத்திய மாதிரித்தாள், எலும்பிலோ மரத்திலோ கடைந்த டஜன் கணக்கான பாபின்கள். ராத்திரி வேலைக்கு அவர்கள் செய்த ஏற்பாட்டை நினைத்து நினைத்து ஆச்சரியப்படுவேன். ஒரு முக்காலியின் நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள். வெளிச்சம் குடுவைத் தண்ணீருக்குள் புகுந்து மறுபக்கம் ஒரு சின்ன வட்டமாக, பிரகாசமாக, சரியாக அந்தத் திண்டின் மேல் விழும். அதைச் சுற்றி மூன்று வரிசையாக உட்காருவார்கள், நன்றாகப் பின்னுபவர்களுக்குப் பக்கத்து வரிசை, கற்றுக்குட்டிகளுக்குப் பின்னால். அடுப்புப் புகையும் சாம்பலும் நூலில் படக்கூடாது என்பதற்காகத் தணல் போட்ட ஒரு மண்பானையைக் காலடியில் வைத்துக் குளிர் காய்ந்தார்கள்.

பள்ளிக்கூடம் பற்றி ஓர் ஆசிரியை கேட்டிருப்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். 1870 சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்கப் பள்ளிகள் பரவின, 1880-ல் பத்து வயது வரை கட்டாயம் என்று ஆக்கினார்கள், 1891 வரை வாரா வாரம் சில பென்ஸ் கட்டணம் வேறு. அதற்கு முன்பே 1862-லிருந்து, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தலைமையாசிரியர் ஒரு நாட்குறிப்புப் புத்தகம் எழுத வேண்டும் என்று இருந்தது. ஏராளமான புத்தகங்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. படித்தால் முக்கால்வாசிப் பக்கத்தில் ஒரே புலம்பல்தான்: இன்று பாதிப் பேர் வரவில்லை, உருளைக்கிழங்கு எடுக்கப் போய்விட்டார்கள். இன்று பெரிய பையன்கள் வரவில்லை, விதைத்த வயலில் காக்கை விரட்டுகிறார்கள். மழை, பிள்ளைகளுக்குச் செருப்பு இல்லை. அறுவடை முடியாததால் விடுமுறை ஒரு வாரம் நீட்டிக்கப்பட்டது.

காக்கை விரட்டுவது சின்ன வேலை என்று தோன்றும். ஆறேழு வயதுப் பையன், கையில் மரப்பலகைக் கிலுக்கி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பனியிலும் மழையிலும் ஆள் அரவமற்ற வயலில் தன்னந்தனியாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். நாளுக்குச் சில பென்ஸ். அந்தச் சில பென்ஸுக்காகத்தான் பள்ளிக்கூடம் காலியாயிற்று. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மேலே போட்ட ரொட்டிக் கணக்கை இன்னொரு தரம் பாருங்கள்.

கேள்வி: கிராமம் என்றால் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில், கூட்டுக்குடும்பமாக, சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துகொண்டு வாழ்ந்திருப்பார்கள், இல்லையா?

பதில்: மூன்றுமே இல்லை! இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கும் ஆச்சரியம்தான். 17-ம் நூற்றாண்டில் பெண்களின் சராசரி திருமண வயது சுமார் 26, ஆண்களுக்கு அதைவிட ஓரிரு வயது கூட. கேம்பிரிட்ஜில் மக்கள்தொகை வரலாற்று ஆய்வாளர்கள் பல ஊர்ப் பதிவேடுகளைக் குடும்பம் குடும்பமாகக் கோத்துக் கண்டுபிடித்தது இது. காரணம் எளிது, கல்யாணம் ஆனால் தனிக்குடித்தனம் போக வேண்டும், அதற்குப் பாத்திரம் பண்டம், படுக்கை, கொஞ்சம் காசு வேண்டும். அதைச் சேர்க்கப் பதினான்கு பதினைந்து வயதிலேயே பையனும் பெண்ணும் வேறொருவர் பண்ணையில் போய்த் தங்கி வேலை பார்ப்பார்கள். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே, சம்பளம் வருடக் கடைசியில்.

அதற்கென்று ஆள் எடுக்கும் சந்தை உண்டு, பல இடங்களில் செப்டம்பர் 29-ஐ ஒட்டி நடக்கும். ஆடு மேய்ப்பவர் தொப்பியில் கம்பளி மயிர்க் கொத்து, வண்டிக்காரர் தொப்பியில் சாட்டைக் கயிறு, வீட்டு வேலைப் பெண் கையில் துடைப்பம் என்று அடையாளத்தோடு வரிசையாக நிற்பார்கள். பண்ணைக்காரர் வந்து பார்த்து, பேசி, ஒரு ஷில்லிங் அச்சாரம் கையில் வைத்தால் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம். முழு வருடம் வேலை பார்த்த கல்யாணமாகாதவருக்கு அந்த ஊரில் உதவி கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதால் 51 வாரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்ட பண்ணைக்காரர்களும் இருந்தார்கள்.

ஒரே ஊரில் இருந்தார்களா என்பதற்கு நாட்டிங்ஹாம்ஷயரின் கிளேவர்த் கிராமம் நல்ல சாட்சி. அங்கே பாதிரியாராக இருந்த வில்லியம் சாம்சன் 1676-லும் 1688-லும் ஊரில் இருந்த அத்தனை பேரையும் வீடு வீடாக எழுதிவைத்தார். இரண்டு தடவையும் சுமார் நானூறு பேர். ஆனால் முதல் பட்டியலில் இருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் பன்னிரண்டு வருடத்தில் அங்கே இல்லை, அவர்களில் இறந்தவர்களைவிட வேறு ஊர் போனவர்களே அதிகம். ஊர் அசையாமல் நின்றது, ஜனங்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி: ஸ்மித், கார்ட்டர், தாட்சர் எல்லாம் கிராமத்துத் தொழில் பெயர்களா?

பதில்: ஆமாம். கொல்லர், வண்டிக்காரர், கூரை வேய்பவர். கூப்பர் பீப்பாய் செய்பவர், ஷெப்பர்ட் ஆட்டு மேய்ப்பர், வெப்ஸ்டர் நெசவாளி.

கேள்வி: மின்சாரம் இல்லாத ராத்திரிகளில் விளக்குக்கு என்ன செய்தார்கள்? மெழுகுவர்த்தியா?

பதில்: மெழுகுவர்த்தி காசுக்காரர் வீட்டுப் பொருள், அதற்கு வரி வேறு இருந்தது. ஏழை வீட்டில் கோரைத் திரி. ஈர நிலத்தில் வளரும் கோரையைக் கோடைக் கடைசியில் அறுத்து, ஊறவைத்து, பச்சைத் தோலை உரித்துவிட்டு ஒரே ஒரு கீற்றை மட்டும் விட்டுவைப்பார்கள், உள்ளே இருக்கும் வெள்ளை நெட்டி ஒடியாமல் அது தாங்கிக்கொள்ளும். பனியிலும் வெயிலிலும் காயவைத்து, பன்றி உப்புக்கண்டம் போட்ட சட்டியில் மிதக்கும் கொழுப்பில் தோய்த்து எடுத்தால் திரி தயார். இரும்புக் குறடு மாதிரி ஒரு தாங்கியில் சாய்வாகச் செருகிப் பற்றவைத்து, எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ள வேண்டும், அது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் கிராமத்தில் இருந்த இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் ஒயிட் 18-ம் நூற்றாண்டில் இதை உட்கார்ந்து அளந்தே பார்த்தார். இரண்டடிக்கு மேல் நீளமுள்ள ஒரு திரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக எரிந்தது, ஒரு ஃபார்த்திங்குக்கு, அதாவது கால் பென்னிக்கு, ஐந்தரை மணி நேர வெளிச்சம் என்று கணக்குப் போட்டார். பார்வையே இல்லாத ஒரு கிழவி கோரைத் தோலை வேகமாக, சீராக உரித்ததைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார்.

கேள்வி: வயதாகி உழைக்க முடியாமல் போனால் யார் பார்த்தார்கள்? பிள்ளைகள் எல்லாம் தனிக்குடித்தனம் என்கிறீர்களே.

பதில்: ஊர் பார்த்தது. 1601 சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் வீடு, நிலம் உள்ளவர்களிடம் வரி வாங்கித் தன் ஏழைகளைப் பராமரிக்க வேண்டும். அதற்கென்று இருந்த மேற்பார்வையாளரின் கணக்கு நோட்டில் விதவைக்கு வாரம் இவ்வளவு, அனாதைப் பையனுக்கு ஒரு ஜோடி செருப்பு, பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குக் கூலி, சவப்பெட்டிக்கு, கூட வந்தவர்களுக்கு பீர் என்று வரிசையாக வரும். பெயர் தெரிந்த ஊர், பெயர் தெரிந்த மனிதர்கள். அதில் கனிவும் இருந்தது, அவமானமும் இருந்தது. 1697-ல் வந்த ஒரு சட்டம், உதவி வாங்குபவர்கள் தோளில் 'பி' என்ற எழுத்தை (பாப்பர், அதாவது பரம ஏழை என்பதன் முதல் எழுத்து) துணியில் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது.

1834-ல் எல்லாம் மாறியது. புதிய சட்டப்படி பல பாரிஷ்களைச் சேர்த்து ஒரு பெரிய வொர்க்ஹவுஸ் கட்டினார்கள். உதவி வேண்டுமா, அதற்குள் வா. உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வெளியில் இருக்கும் மிக ஏழைக் கூலியைவிட உள்ளே வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பதே கொள்கை. 1845-ல் ஆண்டோவர் ஊரில் எலும்பு உடைத்து உரமாக்கும் வேலையில் இருந்தவர்கள், பசி தாங்காமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த தசைநாரையும் மஜ்ஜையையும் கடித்துத் தின்றார்கள் என்பது வெளியே வந்து, நாடாளுமன்ற விசாரணை வரை போனது. அறுபது வயதைத் தாண்டிய தம்பதி சேர்ந்து ஓர் அறை கேட்கலாம் என்று 1847-ல்தான் அனுமதித்தார்கள், கேட்டவர்களுக்கெல்லாம் அது கிடைக்கவும் இல்லை. ஐம்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்களைக் கடைசிக் காலத்தில் பிரித்த இந்த ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1909 ஜனவரி 1-ம் தேதி எழுபது வயதானவர்கள் தபால் ஆபீசுக்குப் போய் வாரம் 5 ஷில்லிங் பென்ஷன் வாங்க ஆரம்பித்தார்கள். வருட வருமானம் 21 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் முழுத் தொகை. கிழவர் கிழவியை வைத்துக்கொள்ள முடியாமல் தவித்த வீடுகளில் அவர்கள் இனிச் சும்மா உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் இல்லை, காசு கொண்டு வருபவர்கள். ஐந்து ஷில்லிங்தான், ஆனால் வொர்க்ஹவுஸ் பயம் அன்றைக்குத்தான் நிறைய வீடுகளை விட்டுப் போனது.

கேள்வி: வைக்கோல் கூரை, ரோஜாக் கொடி ஏறிய வாசல் என்று அந்தக் குடிசைகளை வாழ்த்து அட்டையில் பார்த்தாலே அங்கே போய் இருந்துவிடலாம் போல இருக்கிறது. அவ்வளவு அமைதியாகவா வாழ்ந்தார்கள்?

பதில்: உள்ளே போய்ப் பாருங்கள். கீழே ஓர் அறை, மேலே ஒன்றோ இரண்டோ, அதற்குள் எட்டுப் பேர். தரை சிலசமயம் வெறும் மண். குடிதண்ணீர் ஊர்க் கிணற்றிலிருந்து, அதற்குப் பக்கத்திலேயே கழிப்புக் குழியும் இருக்கும். வீடு பண்ணைக்காரருடையது என்றால் வேலை போன அன்றே கூரையும் போய்விடும், அதனால் வாயைத் திறக்க பயம்.

நிலம் போன கதையும் இதில் சேர்ந்தது. முன்பு ஊரைச் சுற்றிப் பெரிய திறந்த வயல்கள், ஒவ்வொருவருக்கும் அங்கங்கே கீற்றுக் கீற்றாகப் பங்கு, மாடு விட, விறகு பொறுக்கப் பொது மேய்ச்சல் நிலம். 1760-க்குப் பிறகு நாடாளுமன்றச் சட்டங்கள் மூலம் ஊர் ஊராக அதை வேலி போட்டுத் தனியாருக்குப் பிரித்தார்கள், மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள். பத்திரம் இல்லாமல் ஒரு மாடு வைத்துப் பிழைத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 1830-ல் தென்கிழக்கில் ஆரம்பித்த கலவரத்தில் கூலியாட்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், குளிர்கால வேலையை அதுதான் பறித்தது. 19 பேரைத் தூக்கிலிட்டு, ஐந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1834-ல் அதே டோல்பட்டிலில் ஆறு பேர், கூலி குறைப்பை எதிர்த்துச் சங்கம் சேர்ந்தவர்கள், ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்ற குற்றத்துக்காக ஏழு வருடத் தண்டனையோடு கப்பலேற்றப்பட்டார்கள். நாடே எழுந்தது, மனுக்கள் குவிந்தன, 1836-ல் மன்னிப்பு வந்தது. அவர்கள் கூடிய சைக்கமோர் மரம் இன்னும் அந்த ஊரில் நிற்கிறது.

கேள்வி: ஒரு கிராமமே காலியாகிப் போனது உண்டா?

பதில்: நிறைய. இடைக்காலத்தில் இருந்து பின்னால் அழிந்த ஊர்கள் மட்டும் மூவாயிரம் அளவுக்குக் கணக்கில் வந்திருக்கின்றன. யார்க்ஷயரில் 'வாரம் பெர்சி' என்ற ஊரை நாற்பது வருடம் தோண்டி ஆராய்ந்தார்கள், இன்று அங்கே இடிந்த தேவாலயமும், வீடுகள் இருந்த இடத்தில் புல் மூடிய மேடுகளும்தான்.

ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்கு முதலில் ஞாபகம் வருவது டோர்செட் கடற்கரையின் டைன்ஹாம். 1943 நவம்பரில் வீட்டுக்கு வீடு கடிதம் வந்தது: ராணுவப் பயிற்சிக்கு இடம் தேவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலி செய்யுங்கள். இருநூறு பேருக்கு மேல், ஒரு மாத அவகாசம். மீனவர்கள், பண்ணையாட்கள், பெரும்பாலும் வாடகைக் குடித்தனம். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போனார்கள். தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பல தலைமுறையாக வாழ்ந்த வீட்டைப் போரில் ஜெயிப்பதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறோம், ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரை அன்போடு நடத்தியதற்கு நன்றி என்று அதில் இருந்தது. போர் முடிந்தது, 1948-ல் ராணுவம் கட்டாயமாக நிலத்தை எடுத்துக்கொண்டது, யாரும் திரும்ப முடியவில்லை.

இப்போது பெரும்பாலான வார இறுதிகளில் பயிற்சி இல்லாதபோது உள்ளே விடுகிறார்கள். வீடுகளுக்குக் கூரை இல்லை, சுவரும் கணப்பு மாடமும் நிற்கின்றன. தேவாலயமும் பள்ளிக்கூடமும் மட்டும் முழுசாக இருக்கின்றன. பிள்ளைகள் குறைந்துபோனதால் பள்ளியை 1932-லேயே மூடிவிட்டார்கள், இப்போது அந்த வகுப்பறையைப் பழையபடி பெஞ்சும் மேசையுமாகச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.